சலான் புத்தகமும் செயலிக் கடையும்

தனி ஆளாகக் கைப்பேசிச் செயலி செய்பவருக்குப் பணம் வரும் வழிகள் சிலவே. செயலியை விலைக்கு விற்கலாம். இலவசமாகக் கொடுத்து உள்ளே விளம்பரம் காட்டலாம். கூடுதல் வசதிக்குச் செயலிக்குள்ளேயே காசு வாங்கலாம். மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ வைக்கலாம். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. செயலியைக் கடையில் இலவசமாக வைத்துவிட்டு, அதைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் நிறுவனத்திடம் நேரடியாகப் பில் போட்டுப் பணம் வாங்குவது. பயிற்சி வகுப்புகளும் யூடியூப் பாடங்களும் முதலில் சொன்னவற்றைத்தான் விரிவாகப் பேசுகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளில், காக்களூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை, ஒரு டெவலப்பருக்கு நிலையாகச் சோறு போடக்கூடியது கடைசியாகச் சொன்ன வழிதான்.

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலை 10 அன்று 500 செயலிகளோடு திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஆண்ட்ராய்டு மார்க்கெட், 2012 மார்ச்சில் கூகுள் ப்ளே ஆனது. விற்கும் விலையில் 70 சதவீதம் செய்தவருக்கு, 30 சதவீதம் கடைக்கு என்ற பங்கீடு அப்போது பெரிய சலுகையாகவே தெரிந்தது. அதற்கு முன் கைப்பேசிக்கு மென்பொருள் செய்தவர் தொலைபேசி நிறுவனங்களின் வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன், 2005 பொங்கலை ஒட்டிச் செல்லினத்தைச் சிங்கப்பூரில் வெளியிட்டபோது செயலிக் கடை என்று ஒன்றே கிடையாது. இன்று செல்லினம் பயனருக்கு இலவசம். அவர் வடிவமைத்த தமிழ் எழுத்துருக்களோ ஆப்பிளின் கருவிகளிலேயே இடம்பெற்றிருக்கின்றன. பயன்படுத்துகிறவர் ஒருவராகவும் அந்த உழைப்பை மதித்து எடுத்துக்கொள்கிறவர் வேறொருவராகவும் இருக்கலாம் என்பது தமிழ்க் கைப்பேசி மென்பொருளின் தொடக்கத்திலேயே இருந்த உண்மை.

2014 தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது வேறு கதை. வியட்நாமின் ஹனோயில் டாங் நுயென் என்ற இளைஞர் தனியாகச் செய்த ‘ஃப்ளாப்பி பேர்ட்’ விளையாட்டு, விளம்பரத்தில் மட்டும் நாளுக்கு 50,000 டாலர் ஈட்டுவதாக அவரே ஒரு பேட்டியில் சொன்னார். அந்தப் புகழின் நெருக்கடி தாங்காமல் அதே ஆண்டு பிப்ரவரியில் விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்தும்விட்டார். பொறியியல் கல்லூரி முடித்துவிட்டுச் செயலி செய்ய உட்காரும் பிள்ளைகளின் மனதில் இந்தத் தொகைதான் இன்னமும் தங்கியிருக்கிறது. அது ஓர் ஆளுக்கு ஒரு முறை நேர்ந்தது. அதை வைத்து வீட்டு வாடகைக்குத் திட்டமிட முடியாது.

விளம்பர வருமானத்தின் கணக்கை இந்த ஊர்ப்பக்கத்து மின்ரயிலை வைத்தே போட்டுப் பார்க்கலாம். சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து வடக்கே புறப்படும் புறநகர் வண்டி திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி சேர்கிறது. சில வண்டிகள் எளாவூர், ஆரம்பாக்கம் கடந்து ஆந்திரத்தின் சூளூர்பேட்டை வரை ஓடுகின்றன. விஜயவாடா, ஹவுரா பக்கம் போகும் எக்ஸ்பிரஸ்களும் சரக்கு வண்டிகளும் இதே தடத்தில்தான் போகின்றன. வழிவிட்டு நிற்பது மின்ரயிலுக்குப் புதிதல்ல. காலை ஷிஃப்டுக்குச் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிறவருக்கு அட்டவணையில் உள்ள நேரம் போதாது. வண்டி இப்போது மீஞ்சூரைத் தாண்டிவிட்டதா என்பதுதான் தெரிய வேண்டும்.

அந்தத் தேவைக்கு ஒரு செயலி வந்தது. டிவோ நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர்கள் பெங்களூருவில் தொடங்கிய சிக்மாய்ட் லேப்ஸ் என்ற சிறு குழு ‘வேர் இஸ் மை ட்ரெயின்’ செயலியைச் செய்தது. வண்டிக்குள் இருக்கும் கைப்பேசி எந்தெந்தக் கோபுரங்களின் சிக்னலைப் பிடிக்கிறது என்பதை வைத்தே அது வண்டியின் இடத்தைக் கணித்தது. இணையம் இல்லாமலும் வேலை செய்தது, ஜி.பி.எஸ்.ஸும் வேண்டியதில்லை. பேட்டரி குறைவாக, டேட்டா தீர்ந்துபோன கைப்பேசியோடு வாசற்படியில் நிற்கும் பயணியை மனதில் வைத்துச் செய்த வேலை அது. 2018 டிசம்பரில் அந்த நிறுவனத்தைக் கூகுள் வாங்கியபோது செயலிக்கு ஏறத்தாழ 1 கோடிப் பயனர்கள் இருந்தார்கள். ஒரு சிறு குழுவுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல முடிவு அது. ஆனால் அந்த நாள் முதல் ரயில் நேரம் என்ற துறையே தனி டெவலப்பருக்கு ஏறக்குறைய மூடிவிட்டது. விளம்பர வருமானத்தை நம்பி இருக்கவேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு முதலாளியின் இலவசச் செயலியோடு போட்டியிட வேண்டும். 2025இல் பேருந்து, மெட்ரோ, மின்ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் தரும் சென்னை ஒன் செயலியும் அரசுத் தரப்பிலிருந்து வந்துவிட்டது.

இருந்தாலும் ஒருவர் கும்மிடிப்பூண்டித் தடத்துக்கென்றே தனிச் செயலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2,000 பேர் திறக்கிறார்கள், ஒவ்வொருவர் கண்ணிலும் மூன்று விளம்பரம் படுகிறது என்றால் 6,000 காட்சிகள். ஆயிரம் காட்சிக்கு 20 ரூபாய் கிடைப்பதாகக் கொண்டால் நாளுக்கு 120, மாதத்துக்கு 3,600 ரூபாய். இந்த 20 ரூபாய் ஓர் உத்தேசம்தான். மாதத்துக்கு மாதம், விளம்பர வகைக்கு வகை மாறும். அமெரிக்கப் பயனருக்குக் காட்டும் அதே விளம்பர இடத்துக்குப் பல மடங்கு கூடுதலாகக் கிடைக்கும், ஏனென்றால் விளம்பரம் கொடுப்பவர் அந்தப் பயனரின் வாங்கும் சக்திக்குத்தான் விலை வைக்கிறார். ரோலிங் மில் தொழிலாளியின் கவனம் சந்தையில் மலிவாகவே எடைபோடப்படுகிறது.

இந்தப் பணம் பெரும்பாலும் ஆட்மாப் வழியாக வருகிறது. 2009 நவம்பரில் 75 கோடி டாலருக்கு வாங்குவதாகக் கூகுள் அறிவித்த நிறுவனம் அது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் ரகசிய எண் சாதாரணத் தபாலில் வீட்டுக்கு வரும். அதைப் பதிந்தால்தான் மேற்கொண்டு நடக்கும். 100 டாலர் சேர்ந்த பிறகே வங்கிக்குப் பணம் வரும். மாதம் 3,600 ரூபாய் என்றால் அந்த 100 டாலரைத் தொட இரண்டு மாதம் தாண்டிவிடும். அந்தப் பொறுமை இல்லாமல் நண்பர்களிடம் சொல்லி விளம்பரத்தைத் தட்டச் செய்கிறவர்கள் உண்டு. கூகுள் அதைப் போலிப் போக்குவரத்து என்று கண்டுபிடித்துக் கணக்கையே முடக்கிவிடுகிறது. இதில் மேல்முறையீடு செய்து மீண்டுவருவது கடினம். முதல் செயலியிலேயே இப்படி வழியடைத்துக்கொண்டவருக்கு அடுத்த செயலியும் ஓடாது.

விளம்பரத்தால் வாழ வேண்டுமானால் செயலி தினமும் திறக்கப்பட வேண்டும். தமிழில் இதை நன்றாகப் புரிந்துகொண்டது திருச்செங்கோட்டிலிருந்து இயங்கும் நித்ரா. அதன் தமிழ் நாட்காட்டி, ப்ளே ஸ்டோரில் 1 கோடிப் பதிவிறக்கத்தைத் தாண்டியது. நல்ல நேரம், ராகு காலம், முகூர்த்த நாள், விரத நாள் என்று தமிழ் வீட்டில் சுவரில் தொங்கிய தாளைக் கிழிக்கும் பழக்கம் அப்படியே கைப்பேசிக்கு மாறியது. புதுப் பழக்கம் எதையும் உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. அன்றாடம் திறக்கும் ஒரு செயலி கையில் இருந்தால் அதே நிறுவனத்தின் மற்றச் செயலிகளை அதன் மூலமே அறிமுகப்படுத்தலாம். விளம்பரத்துக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். பெருநகரத்து முதலீட்டாளர்களின் கண்ணில் படாத ஊரிலிருந்து இது நடந்திருப்பது கவனிக்கத்தக்கது. ஆனால் இந்த இடமும் நிரம்பிவிட்டது. புதிதாக இன்னொரு நாட்காட்டி செய்பவர் கடையின் தேடல் பட்டியலில் எங்கோ கீழே கிடப்பார்.

விளம்பரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தொழிலாளர்கள் பயன்படுத்தும் செயலியில் அடிக்கடி வந்து நிற்பவை உடனடிக் கடன் விளம்பரங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், ஐந்து நிமிடத்தில் பணம் என்று அழைக்கும் வகை. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2023இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு ரம்மி இங்கே குடும்பங்களைக் குலைத்தது. கடன் செயலிகளின் கதையும் அதற்கு மிகத் தொலைவில் இல்லை. ஆட்மாபில் கடன், சீக்கிரம் பணக்காரராவது போன்ற வகைகளைத் தனித்தனியாகத் தடுக்கும் வசதி இருக்கிறது. தடுத்தால் வருமானம் குறையும். தன் செயலியைத் திறக்கும் மனிதரைத் தெரிந்த டெவலப்பர் அந்த நட்டத்தை ஏற்க வேண்டும். மாதச் சம்பளம் பதினைந்து நாளில் தீர்ந்துபோகும் ஒருவரின் கையில் அந்த விளம்பரத்தைக் கொண்டுபோய் வைப்பதற்குக் கிடைக்கும் சில்லறை, உழைத்துச் சம்பாதித்த காசு ஆகாது.

செயலி செய்துவிட்டால் மக்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை பலரைக் கவிழ்க்கிறது. ப்ளே ஸ்டோரில் பெயருக்கு 30 எழுத்துக் குறியீடுகளுக்குத்தான் இடம். சுருக்க விளக்கத்துக்கு 80, முழு விளக்கத்துக்கு 4,000. ஆங்கிலத்துக்கு 30 ஓரளவு தாராளம். தமிழில் உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். ‘கும்மிடிப்பூண்டி’ நம் கண்ணுக்கு 8 எழுத்து, கணினிக்கு 16. ‘கும்மிடிப்பூண்டி ரயில் நேரம்’ என்று எழுதினால் இடைவெளிகளோடு 28 ஆகிவிடும். சொந்தப் பெயர் வைக்க இடமிருக்காது. அதோடு தமிழ் தெரிந்தவர்களிலேயே பலர் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள். அதிலும் கும்மிடிப்பூண்டியை ரயில்வே ஒரு மாதிரி எழுதுகிறது, மற்றத் துறைகள் வேறு மாதிரி எழுதுகின்றன. திருவள்ளூரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் அப்படியே. பெயரைத் தமிழில் சுருக்கமாக வைத்து, ஊர்ப் பெயர்களின் எல்லா எழுத்துக்கூட்டல்களும் முழு விளக்கத்தில் இயல்பாக வரும்படி எழுதுவதே நடைமுறைக்கு உகந்தது.

மதிப்புரைகளுக்குப் பதில் சொல்வதும் விற்பனைதான். 2021 நவம்பர் முதல் ப்ளே ஸ்டோரில் நட்சத்திர மதிப்பீடு நாட்டுக்கு நாடு தனியாகக் காட்டப்படுகிறது. இங்கே பயனர் ஒருவர் ‘திறக்கவே மாட்டேங்குது’ என்று ஒரு நட்சத்திரம் போட்டால், அதை மறைக்க வெளிநாட்டு நட்சத்திரங்கள் உதவாது. அவர் எந்தக் கைப்பேசி வைத்திருக்கிறார் என்று கேட்டு, திருத்தி, திரும்பச் சொன்னால் அதே ஆள் ஐந்து நட்சத்திரமாக மாற்றிவிடுவதும் நடக்கிறது.

2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்களுக்கு ப்ளே ஸ்டோர் இன்னொரு நிபந்தனை வைத்தது. செயலியைப் பொதுவில் வெளியிடுமுன் 20 பேர் 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும். அடுத்த ஆண்டு இறுதியில் இது 12 பேராகக் குறைந்தது. தனி டெவலப்பர்கள் இதை ஒரு தண்டனையாகவே எடுத்துக்கொண்டார்கள். காசு கொடுத்துச் சோதனையாளர்களைச் சேர்த்துத் தரும் டெலிகிராம் குழுக்கள் முளைத்தன. அதில் போகும் காசு வீண். யாருக்காகச் செயலி செய்யப்படுகிறதோ அவர்களில் 12 பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், பின்னால் 12,000 பேர் தானாக வரப்போவதில்லை. அந்த 12 பேரும் சிப்காட் கேட் எதிரே டீ குடிக்கும் சூப்பர்வைசராகவோ, காக்களூர் பட்டறையில் ஸ்டோர் பார்க்கும் பெண்ணாகவோ இருந்தால், சந்தைப்படுத்தல் அங்கேயே தொடங்கிவிட்டது. அவர்கள்தான் முதலில் வாட்ஸப்பில் அனுப்புவார்கள். இந்தப் பகுதியில் ஒரு செயலி பரவும் பாதை பெரும்பாலும் அதுதான்.

கடையின் பங்கைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குக் கீழே விற்கும் சிறியவர்களுக்கு ஆப்பிள் 2021 ஜனவரியிலும், முதல் 10 லட்சம் டாலர் வரைக்கும் கூகுள் 2021 ஜூலையிலும் பங்கை 15 சதவீதமாகக் குறைத்தன. தனி ஆளுக்கு அது ஓரளவு நியாயமான தொகை. கவலைப்பட வேண்டியது சார்ந்திருப்பதைப் பற்றி. சென்னையின் மேட்ரிமோனி டாட் காம் போன்ற பெரிய நிறுவனமே கட்டணக் கொள்கையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போய்த் தோற்றது. 2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட பல இந்தியச் செயலிகளைக் கூகுள் கடையிலிருந்து தூக்கியது. மத்திய அரசு தலையிட்ட பின் சில நாளில் திரும்ப வைத்தது. இதே கட்டண விவகாரத்தில் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் விதித்த 936.44 கோடி ரூபாய் அபராதத்தை, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்தது. அவ்வளவு பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால், பொன்னேரியில் வீட்டு மாடியில் உட்கார்ந்திருப்பவர் எழுதும் மின்னஞ்சலுக்கு என்ன வேகத்தில் பதில் வரும் என்பதை ஊகிக்கலாம். கடையில் காசுக்கு விற்கும் தனிநபரின் முழு முகவரியும் செயலிப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி காட்டப்படுகிறது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களுக்கு இது சிறிய விஷயமில்லை.

ஆகவே பணம் கடைக்கு வெளியே கைமாறும் வழியைப் பார்க்க வேண்டும். அந்த வழி இந்தப் பகுதியில் நன்றாகவே திறந்திருக்கிறது, ஏனென்றால் இங்கே தொழில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை சிப்காட், காக்களூர் சிட்கோ என்று பெரிய ஆலைகளும் அவற்றைச் சுற்றிச் சிறு பட்டறைகளும் பரவிக் கிடக்கின்றன. லேத், மில்லிங், கிரைண்டிங், ஹீட் ட்ரீட்மெண்ட், பிளேட்டிங், பவுடர் கோட்டிங் என்று ஒரே உதிரிபாகம் மூன்று நான்கு இடம் சுற்றித்தான் முழுமை பெறுகிறது. இதற்கு எல்லோரும் சொல்லும் பெயர் ஜாப் ஒர்க். சரக்குக்கு உரியவர் ஒருவர். அதில் வேலை செய்பவர் வேறொருவர். சரக்கு போவதும் வருவதும் சலானில்.

சலான் புத்தகத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி: ஒன்று சரக்கைப் பெறுபவருக்கு, ஒன்று வண்டிக்காரருக்கு, ஒன்று அனுப்பியவரின் புத்தகத்தில். ஒரு கம்பெனி 500 ஷாஃப்ட்டுகளை பிளேட்டிங்குக்கு அனுப்புகிறது. முதல் நடையில் 320 திரும்பி வருகிறது. அடுத்த வாரம் 150. அதில் 12 ரிஜெக்‌ஷன், திரும்ப பிளேட்டிங்குக்கே போகிறது. மீதி 30 எங்கே என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டால் இரண்டு பக்கமும் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். பழைய சலானில் எண்ணெய்க் கறை. கார்பன் பிரதியில் எண் மங்கியிருக்கும். பல இடங்களில் இதை நினைவில் வைத்திருப்பவர் ஒரே ஒரு ஸ்டோர் கீப்பர். அவர் லீவு போட்டால் கணக்கும் லீவு.

இது வெறும் வசதிக் குறைவு என்றால் யாரும் செயலிக்குக் காசு தர மாட்டார்கள். இதில் வரி இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் மூன்றாண்டுக்குள். அச்சு, டை, ஜிக், ஃபிக்‌ஷர் போன்றவற்றுக்கு இந்தக் கெடு இல்லை. உரிய காலத்தில் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே அந்தச் சரக்கை விற்றுவிட்டதாகச் சட்டம் கருதும். அந்த நாளிலிருந்து வரியோடு வட்டியும் கட்ட வேண்டும். அனுப்பிய, வந்த விவரங்களை ஐ.டி.சி-04 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும்: 5 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மற்றவர் ஆண்டுக்கு ஒரு முறை. கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் மதிப்பைத் தாண்டினால்தான் ஈ-வே பில். ஆரம்பாக்கம் தாண்டித் தடா பக்கமோ ஸ்ரீசிட்டி பக்கமோ ஜாப் ஒர்க்குக்குச் சரக்கு போனால், மதிப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஈ-வே பில் வேண்டும். எல்லை சில மைல் தூரத்தில் இருப்பதால் இதை மறந்துபோவது எளிது. வண்டி மடக்கப்பட்ட பிறகுதான் நினைவுக்கு வரும்.

இந்த மூன்றையும் கவனிக்கும் செயலிக்கு இங்கே இடம் இருக்கிறது. எந்தச் சலானில் எவ்வளவு பாக்கி, எது பத்து மாதத்தைத் தாண்டிவிட்டது, எந்த நடை மாநில எல்லை கடக்கிறது. டாலி பெரும்பாலான கணக்கர்களிடம் இருக்கிறது. பில் போடுவதற்கு வியாபார் போன்றவையும், கடன் கணக்குக்குக் காத்தாபுக், ஓகேகிரெடிட் போன்ற இலவசச் செயலிகளும் உள்ளன. முதலீட்டாளர் பணத்தில் இலவசமாக நடப்பவற்றோடு தனி ஆள் மோதக் கூடாது. அவை நாடு முழுவதும் உள்ள கடைக்காரருக்காகச் செய்யப்பட்டவை. பிளேட்டிங்கிலிருந்து 30 ஷாஃப்ட் திரும்பாததைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை. ஒரு பெரிய கம்பெனி இறங்கி வந்து செய்ய முடியாத அளவுக்குச் சிறிய, ஒரு பட்டறை முதலாளியின் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் பெரிய தொல்லைதான் தனி டெவலப்பருக்கு உரியது.

கணக்கு இப்படி வரும். மாதம் 300 ரூபாய் என்று வைத்து 100 பட்டறைகள் சேர்ந்தால் 30,000 ரூபாய். முன்பு சொன்ன உத்தேசத்தில் இந்தத் தொகையை விளம்பரத்தில் எடுக்க நாளுக்கு ஏறத்தாழ 16,700 பேர் தவறாமல் ரயில் செயலியைத் திறக்க வேண்டும். 100 முதலாளிகளின் முகம் தெரிந்திருக்கலாம். 16,700 பயணிகளைத் தெரிந்திருக்க முடியாது. பணம் யூ.பி.ஐ.யில் நேராக வரும். செயலிக்குள் எதையும் விற்காமல், வெளியே சந்தா கட்டியவர் உள்நுழைந்து பயன்படுத்தும் செயலியைக் கடை அனுமதிக்கிறது. அதற்குப் பங்கு தர வேண்டியதில்லை. மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் முறையை மட்டும் முழுதாக நம்பக் கூடாது. ரிசர்வ் வங்கியின் 2021 அக்டோபர் விதிக்குப் பின் ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும் என்றானது. அட்டை வழிச் சந்தாக்கள் பல அப்போது அறுந்தன. பட்டறைக்காரருக்கு ஆண்டுக்கு ஒரு பில், ஒரு முறை பணம் என்பதே பழக்கம். 3,000 ரூபாய் ஆண்டுச் சந்தா என்று சொன்னால் இரண்டு மாதம் இலவசம் என்றும் ஆகிறது, வசூலுக்கு அலைவதும் குறைகிறது.

இதை விற்கும் இடம் ப்ளே ஸ்டோர் இல்லை. வரிக் கணக்கு போடும் அலுவலகம். திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து தரும் ஒவ்வொருவர் கையிலும் பல பட்டறைகள் இருக்கின்றன. படிவ நாள் நெருங்கும்போது பைபையாகச் சலான் புத்தகங்கள் அவர் மேசைக்கு வருகின்றன. அந்த வாரத்து இரவுகளை மிச்சப்படுத்தும் செயலியை அவரே முதலாளிகளிடம் சொல்வார். அவருக்குக் கமிஷன் கொடுப்பதைவிட, தன் எல்லா வாடிக்கையாளரின் சலானையும் ஒரே திரையில் பார்க்கும் இலவசக் கணக்கு கொடுப்பது நல்லது. கமிஷன் ஒரு முறை தீர்ந்துவிடும். திரை தினமும் வேண்டியிருக்கும். காலமும் பார்க்க வேண்டும். ஐ.டி.சி-04 கெடு அக்டோபர் 25, ஏப்ரல் 25. ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவிப் பொட்டு வைத்துப் புது நோட்டுப் போடும் வழக்கம் அக்டோபர் கெடுவுக்குச் சற்று முன்னால் வருகிறது. அந்தச் சில நாட்களில் முதலாளிக்கு உட்கார்ந்து பேச நேரமும் மனமும் இருக்கும். மற்ற நாளில் லேத் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் செயலி விளக்கம் கேட்க மாட்டார்கள்.

செயலியின் உருவமும் இங்கிருந்தே பிறக்க வேண்டும். கையில் எண்ணெய் இருக்கும். பொத்தான் பெரிதாக வேண்டும். ஷெட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. இணையம் இல்லாமல் பதிந்து பிறகு சேர வேண்டும். ஸ்டோரில் நிற்பவர் ஒடிசாவையோ பீகாரையோ சேர்ந்தவராக இருப்பது இந்தப் பகுதியில் சகஜம். எண்களும் படமும் முதலில், தமிழோடு இந்தியும் வேண்டும். சலான் பி.டி.எஃப்.பாக வாட்ஸப்பில் போக வேண்டும், ஏனென்றால் எதிர்ப் பட்டறைக்காரர் செயலி போட மாட்டார். ஆனால் சலானின் அடியில் செயலியின் பெயர் ஒரு வரியில் இருக்கும். மாதம் நாற்பது சலான் அனுப்பும் ஒரு கம்பெனி, நாற்பது முறை அந்தப் பெயரை மற்றப் பட்டறைகளுக்குக் கொண்டுபோகிறது. இதைவிட நல்ல விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

கான்ட்ராக்ட் தொழிலாளர் வருகைப் பதிவு என்று இன்னொரு தேவையும் இங்கே பெரிதாகக் கண்ணில் படும். ஆனால் அதில் பணம் கொடுப்பவர் கான்ட்ராக்டர், பதிவாகிறவர் தொழிலாளி. யாருடைய முகமும் ஆதார் எண்ணும் செயலிக்குள் போகிறதோ அவருக்கு அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்பும் சேர்ந்து வருகிறது. தொழிலாளி தன் நாள் கணக்கையும் முன்பணக் கணக்கையும் தானே தன் மொழியில் பார்க்கும்படி செய்ய முடிந்தால்தான் அந்த வேலையில் இறங்குவது தகும்.

செய்து முடித்த பிறகும் செலவு நிற்பதில்லை. ப்ளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒரு முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். பட்டறைகளில் ஆண்ட்ராய்டுதான் இருப்பதால் ஆப்பிளைத் தள்ளிப் போடலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் இறுதிக்குள் செயலியைப் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்ப மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் புதுப்பித்தல்களைக் கடை ஏற்காது. வரி விதி மாறும்போது படிவமும் மாறும். சர்வர் வாடகை, நள்ளிரவில் வரும் தொலைபேசி அழைப்பு, ஸ்டோர் கீப்பர் மாறும்போது திரும்பச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அந்த 300 ரூபாய்க்குள்தான். 100 பட்டறைக்கு மேல் ஒருவரால் தாங்க முடியுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தாங்காவிட்டால் விலையைக் கூட்டலாம். ஆள் போடுவது அடுத்தது.

ஒருநாள் நிறுத்த வேண்டியும் வரலாம். வேறு வேலை கிடைக்கலாம், உடல்நலம் கெடலாம், பெரிய நிறுவனம் ஒன்று வாங்க முன்வரலாம். ப்ளே ஸ்டோரில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குச் செயலியைப் பயனர்களோடும் மதிப்பீடுகளோடும் மாற்றிக் கொடுக்க வழியுண்டு. ஆனால் உள்ளே இருக்கும் சலான்கள் பட்டறைகளுக்குச் சொந்தமானவை. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கேடுகளை ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். எனவே முதல் நாளிலேயே ஒரு பொத்தான் வேண்டும்: அழுத்தினால் எல்லாச் சலானும் எக்செல் தாளாகவும் பி.டி.எஃப்.பாகவும் முதலாளியின் கைப்பேசிக்கு வந்துவிட வேண்டும், சந்தா கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும். இந்தப் பொத்தானை விற்பனைப் பேச்சிலேயே காட்டிவிடலாம். சலான் புத்தகத்தைக் கைவிடத் தயங்கும் முதலாளி முதலில் கேட்பதும் அதைத்தான்: ‘நாளைக்கு நீங்க இல்லன்னா என் கணக்கு என்ன ஆகும் தம்பி?’